சைக்கிளில் வந்த சாமி

மாலை நாலே கால் மணி. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தில் அதைப் பார்த்தது நினைவிருக்கிறது. நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, சாலையோரம் வரிசையாக இறக்கி வைத்திருந்த கொழுந்துக் கூடைகள். அவை ஒன்றன்பின் ஒன்றாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. கூடை எப்படி ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஏன் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறேன் என்றுதான் யோசித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தாப்பாவிலிருந்து பிரிஞ்சாங் வரை சைக்கிள் போட்டி நடக்கப்போவதாகத் தெரிந்ததும் பேர் கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய முழுவதும் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. ரிங்லெட் கடைத்தெருவில் பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கி, மட்கார்டு, கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றினேன். மலை ஏறுகிறவனுக்கு எடைதான் எதிரி என்று சைக்கிள் கடைச் சீனர் சொல்லியிருந்தார்.

அதே மாதத்தில்தான் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் வந்தது. நான் வருடாவருடம் தீ மிதிக்கிறவன். காப்புக் கட்டிவிட்டால் பகலில் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. இரவில் ஒரு வேளை சோறு. வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள். எனக்கோ அது ஒரே கல்லில் இரண்டு மாங்காயாகத் தெரிந்தது. விரதத்தில் உடம்பு இளைக்கும், இளைத்தால் ஏற்றம் சுலபம். அதிகாலை வேலை முடிந்து மதியம் வெளியே வந்ததும், கையில் மஞ்சள் கயிறோடு, வெறும் வயிற்றோடு, தாப்பா சாலையில் அருவி வரை இறங்கி மறுபடி ஏறுவேன். ஏறுவதற்கு ஆகும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. ஏன் என்று புரியவில்லை. இன்னும் போதிய அளவு இளைக்கவில்லை போலும் என்று இரவுச் சோற்றையும் குறைத்தேன்.

இங்கே பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர், இரண்டு பிள்ளைகள். கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். இரண்டு வருடமாக ஆளும் இல்லை, கடிதமும் இல்லை. ஈப்போவில் இருந்த அக்காவின் அண்ணன், அங்கே ஒரு தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் பிள்ளைகளோடு வந்துவிடச் சொல்லியிருந்தார். அக்காவால் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். "நாம போனப்புறம் அவரு வந்து நின்னா?" என்று அவர் பிள்ளைகளிடம் கேட்பது எங்கள் அடுப்படியில் கேட்கும்.

இனி நடந்ததில் என் நினைவில் இருப்பது கொஞ்சம், பிறர் சொன்னது மீதி. பிற்பாடு பல வருடம் நாளிதழுக்குச் செய்தி அனுப்பியவன் என்பதால் இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கூடைகளுக்குப் பிறகு என் நினைவில் இருப்பவை: கீழே கிடந்த சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என் கையை என்னால் நிறுத்த முடியவில்லை. சுற்றிலும் வாய்கள் அசைந்தன, சத்தம் இல்லை. கற்பூர வாசனை. மிக அருகில் அக்காவின் முகம். அவ்வளவுதான்.

பிறர் சொன்னது இது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் சைக்கிளோடு சரிந்தேன். எழுந்து நின்றேன். கை கால் உதறியது, சட்டை நனைந்து வியர்வை கொட்டியது, வாய் ஏதேதோ பேசியது. கையிலோ காப்பு. காலமோ திருவிழாக் காலம். கொட்டகைக்குப் பக்கத்தில் முனியாண்டி சூலம் வேறு. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"தள்ளுங்க லா, தள்ளுங்க! ஆத்தா வந்துட்டா!" என்று மேற்பார்வை பார்க்கும் கங்காணி தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சைக்கிள்லயா வந்துருக்கா?" என்று கேட்டாள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்.

"ஏண்டி, லோரியிலதான் வரணுமா? வாயக் கழுவு போ!" என்றாள் இன்னொருத்தி.

சூலத்தடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து வந்து கொளுத்தினார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். கொழுந்து ஏற்ற வந்த லோரி டிரைவர் கைகூப்பி, "தாயே, நாலு நம்பரு மட்டும் சொல்லு தாயே" என்று லாட்டரிக்கு எண் கேட்டார். நான் மூன்றுதான் சொன்னேனாம். நாலாவதை அவரே போட்டுக்கொண்டார். பரிசு விழாதபோது, தான் சேர்த்த எண்தான் காரியத்தைக் கெடுத்தது என்று வருத்தப்பட்டார்.

அதன் பிறகுதான் அக்கா வந்து காலில் விழுந்தார். "தாயே, அவரு வருவாரா, மாட்டாரா? ஒரு வார்த்த சொல்லிடு. நான் இருக்கவா, போவவா?"

என்ன பதில் சொன்னேன் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். "வரமாட்டான்" என்று நான் உரக்கக் கத்தியதாகக் கங்காணி சொன்னார். வாயே திறக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்றார்கள் சிலர். முழு உடம்பும் ஆடும்போது தலை எந்தப் பக்கம் ஆடியது என்று யார் கண்டது என்றாள் அந்தக் கேலி பேசிய பெண். சாமியைக் குளிர வைக்க, யாரோ தன் போத்தலில் இருந்த தேத்தண்ணியை என் வாயில் ஊற்றினார்கள். சீனியை அள்ளிப் போட்ட தேத்தண்ணி. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "மலையேறிட்டா" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். சாலையில் உட்கார்ந்திருந்த நான், இவர்கள் ஏன் என்னைக் கும்பிடுகிறார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாமியும் இல்ல, பேயும் இல்ல. வெறும் வயித்துல மலை ஏறினா ஒடம்புல சக்கர எறங்கிடும். அந்தத் தேத்தண்ணி ஊத்தலன்னா நீ போய்ச் சேந்திருப்ப. ஒழுங்கா சாப்புடு, இல்ல அந்த சைக்கிள வித்துத் தொல."

உயிர் பிழைத்தது எப்படி என்று புரிந்தது. ஆனால் அக்காவுக்குப் பதில் சொன்னது யார் என்பது இன்னும் புரியாமல் போயிற்று. சாமி இல்லை. எனக்குத் தெரிந்தவரை நானும் இல்லை. யாரோ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பிள்ளைகளின் துணிகளைச் சாரோங்கில் வைத்து முடிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நேத்து வந்தது சாமி இல்லக்கா. பசி மயக்கம். டிரெசர் சொல்லிட்டாரு."

"ம்."

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாதுக்கா. அத நம்பி..."

"நீ ஒண்ணுமே சொல்லல தம்பி. என் கையப் புடிச்சுக்கிட்டுக் கொழந்த மாதிரி அழுத. அவ்ளோதான்."

"அப்ப 'வரமாட்டான்'னு நான் கத்துனதா கங்காணி..."

"சொல்லட்டும் லா." முடிச்சை இழுத்து இறுக்கினார். "நானா கெளம்புனா, புருசன் வர்றதுக்குள்ள இவ ஓடிட்டாள்னு இதே வாய்தான் பேசும். ஆத்தா அனுப்புனான்னா ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. நீ இந்தப் பசிக் கதைய வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

"நெசமாவே நான் ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"அத விடு. சாப்புட்டியா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரெசரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாதம் முடிவதற்குள் அக்கா பிள்ளைகளோடு ஈப்போவுக்குப் போனார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கங்காணியே மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

திருவிழா முடிந்து, காப்பு அவிழ்த்து, வயிறாரச் சாப்பிட்டுப் போட்டிக்குப் போனேன். எங்கள் கொட்டகை வளைவில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் போனவர்களுக்குக் கைதட்டினார்கள். நான் வந்தபோது கும்பிட்டார்கள். வந்தவர்களில் நடு இடத்தில்தான் முடித்தேன், அதையும் பெரிதாகப் பேசினார்கள்.

அதன் பிறகு எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்டுச் செய்தியாக எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையை யார் சொன்னார் என்று கேட்பதற்கு முன், அது யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தக் கொட்டகையிலிருந்து வந்தது. ஆனாலும் அன்று என் வாயிலிருந்து வந்தது என்ன என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

மறு வருடம் மழைக்காலத்தில் அக்காவின் கணவர் ஒரு பெட்டியோடு தோட்டத்துக்கு வந்தார். அக்கா இருந்த லயத்து வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்தது. "நீ வரமாட்டேன்னு ஆத்தாவே சொல்லிட்டாளேப்பா" என்றார் கங்காணி. வந்தவர் அன்று மாலை பஸ்ஸிலேயே தாப்பாவுக்கு இறங்கிப் போனார்.