மக்ரூன் பெட்டிக்குப் பின்னால்

பகடையில் விழுந்தது ஒன்று. என் கண்ணால் பார்த்தேன். மச்சினன் வாயில் வந்ததோ, "தப்பிச்சாச்சு அக்கா!"

தண்ணீர்ச் செம்பை எடுக்க நான் அவன் முதுகுப் பக்கமாகப் போனதால்தான் அது என் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் நானும் என் மனைவியோடு சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி பெங்களூரில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டு வந்த பழக்கம் இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். சுறாவோடு மல்லுக்கட்டுவேன் என்று யாரும் சொல்லிவிடலாம், நடக்குமா என்பதை இருபது முகப் பகடைதான் தீர்மானிக்கும். ஒன்று விழுந்தால் படுமோசம். ஒரு பாத்திரம் சாகக் கிடக்கும்போது மட்டும் கதை சொல்பவனே மறைவில் உருட்டிப் பார்த்துச் சொல்வான். மறைப்புக்கு எங்கள் வீட்டில் முந்திரி மக்ரூன் இனிப்பு வந்த காலிப் பெட்டி. செத்துவிட்டால் அந்தப் பாத்திரம் எழுதிய தாளைக் கிழித்துவிட வேண்டும், மறுபேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்குழம்புச் சோற்றுக்குப் பிறகு நாலு பேர் உட்காருவோம். கதை சொல்ல மச்சினன். விளையாட நானும், மனைவியும், துறைமுகத்தில் என்னோடு சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கும் நண்பனும். நண்பன் திரேஸ்புரத்துக்காரன், அவன் சித்தப்பா இன்னும் சங்கு எடுக்கக் கடலுக்குப் போகிறவர். அவனால்தான் எங்கள் கதை அந்தக் காலத்து முத்துக்குளிப்பாக மாறியது. என் மனைவி தன் பாத்திரத்தை முத்துக்குளிக்கும் பெண்ணாக எழுதினாள்.

"பொம்பள எங்கன முத்துக் குளிச்சா?" என்றான் நண்பன்.

"பகடைக்கு இருபது மூஞ்சி இருக்கலாம், பொம்பள குளிக்கக் கூடாதோ?" என்றாள்.

அவன் சிரித்துவிட்டு, நான் அதுவரை யோசித்துப் பார்க்காத ஒன்றைச் சொன்னான். "ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. முத்துக் குளிக்கவன் இடுப்புக் கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பாவளாம். அக்கா தாலிய அறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்?"

போன வருஷம் என் மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் பேச்சே குறைந்துபோனது. டிவி ஓடும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவைப் பேசவைக்கத்தான் தம்பி இந்த விளையாட்டை ஆரம்பித்தான், அவளும் பேசினாள். அதனால் அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுச் சாமி மாதிரிதான் நான் வைத்திருந்தேன். இப்போது அதன் பின்னால் பொய்.

முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. அப்படியானால் சுறா கடித்துச் சாகக் கிடந்த நான் பிழைத்தெழுந்து அதை ஜெயித்ததும் இவன் போட்ட பிச்சையா? ஆபீசில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! அவனை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏலே, ஒண்ணு விழுந்தத நான் பாத்தேன்."

அவன் முகம் வெளுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில நீங்க செஞ்சதத்தான் அத்தான் நானும் செஞ்சேன்."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆனால் திரும்ப வர வாய்ப்பு உண்டு, சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் வெளியே வந்து அவளிடம், "எல்லாம் போயிட்டு, சும்மா செக்கப்புக்கு வரணுமாம்" என்றேன். தம்பி பக்கத்தில்தான் நின்றான். அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்று விளையாட்டு, ஒன்று உயிர். உயிர் விஷயத்தில் பொய் சொன்னவனுக்கு விளையாட்டில் பொய் சொன்னவன் மேல் என்ன கோபம்? ஊருக்கு உபதேசம் என்பது இதுதானோ? ஒரு வாரம் யோசித்தும் நூல் நுனிகூடப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பனின் பாத்திரம் செத்தது. அவனுக்கு அது மூன்றாவது சாவு. தாளைக் கிழித்துக்கொண்டே பொருமினான். "என்னலே இது, என் ஆளு மட்டும் பொசுக்கு பொசுக்குன்னு போறான். ஒங்க வீட்டு ஆளுகளுக்குச் சாவே கெடயாதா?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்றைக்கே அவள் பாத்திரம் கடலடியில் திருக்கை மீன் வால் பட்டுச் சாகக் கிடந்தது. தம்பி பகடையை எடுத்தான். அவள் எட்டி மக்ரூன் பெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கன போடு. எல்லாரும் பாக்கட்டும்."

"அக்கா, அது ரூல் இல்ல."

"போடுலே."

போட்டான். பகடை உருண்டு வெற்றிலைத் தட்டில் முட்டி நின்றது. மூன்று. பிழைக்கக் குறைந்தது பத்து விழ வேண்டும்.

"கை தவறிட்டு, இன்னொரு தடவ போடுதேன்" என்று தம்பி கையை நீட்டினான். அவள் பகடைமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "செத்தது செத்ததுதான்." தாளை நாலாகக் கிழித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மடியில் பெட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கியது, இல்லாத ஒரு பெண் செத்ததற்கு.

நண்பன் டீ குடிக்காமலே கிளம்பினான். தம்பி மொட்டைமாடிக்குப் போய்விட்டான். நான் அவள் பின்னாலேயே அடுக்களைக்குள் போனேன். அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? அவரு சொன்னபடியே சொல்லுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பால் பொங்கி வந்தது, அவள் நிதானமாக அடுப்பை அணைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்சப் பாத்துக்கிட்டதுல, எனக்கு நாளு குறிச்சிட்டாவன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

பிறகு டம்ளரில் டீயை ஊற்றி, மாடிக்குக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே எந்தப் பக்கம் படி என்று தெரியாமல் நின்றேன்.