பதினேழாம் எண் பஸ்ஸின் விசிலக்கா

விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே பேசுவாள். கடைவாய்ப் பல்லில் அதைக் கவ்விக்கொண்டு, "ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை. குழந்தைக்கு அஞ்சு முடிஞ்சிருச்சா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க, முன் பல்லு விழுந்திருக்கு பாருங்க" என்று ஒரே மூச்சில் கேட்பாள். பதில் வருவதற்குள் மிஷினிலிருந்து மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவாள். டிப்போவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். அவள் ஊதுகிற ஊதலை வைத்தே அன்றைக்கு அவள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம் என்பது டிரைவர்களின் கட்சி.

பதினேழாம் எண் பஸ் ரயில் நிலையத்தில் கிளம்பி தேசிய நினைவுத்தூண் வாசலில் முடிகிறது. சாதாரண நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறுவார்கள். விடுமுறை என்றால் குடும்பம் குடும்பமாக ஏறும். ஏழு வருஷமாக அவளுக்கு இந்தத் தடம்தான். எந்தக் கணவன் மனைவிக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தான், எந்த அம்மா சாப்பாட்டுப் பையைக் குழந்தையைவிடப் பத்திரமாகப் பிடித்திருக்கிறாள், எந்த அப்பா ஏறின நிமிஷத்திலிருந்து போனைப் பார்க்கிறான், எல்லாம் அவள் கணக்கில் இருக்கும். காலையில் இஸ்திரி மடிப்போடு போகிறவர்கள் சாயங்காலம் வியர்வையும் ஐஸ் கறையுமாகத் திரும்பும்போது அவர்களைத்தான் இன்னும் உற்றுப் பார்ப்பாள். "லீவு நாள்ல லீவு இருக்கறவங்க மூஞ்சியே தனி" என்பாள். சொல்லும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு கருகல் வாடை உண்டு.

அவளுக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அலுவலகம் உண்டு. வீட்டில் அவளும் வாஷிங் மிஷினும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நினைவுத்தூணுக்குள் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை. கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிஷம் பஸ் நிற்கும். பின்படியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தபடி அண்ணாந்து பார்ப்பாள். மதில் உயரம் என்பதால் தூணின் மேல் பாதிதான் தெரியும். "உள்ள என்னங்க இருக்கு?" என்று யாராவது கேட்டால், "போய்ப் பாருங்க, சொல்லிட்டா ருசி போயிடும்" என்பாள், நூறு தடவை பார்த்தவளைப் போல.

அவள் கணவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிற நாளெல்லாம் அவருக்குச் சொந்தம். கூடவே இருக்கும் நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவளுக்குச் சிவப்பு மையோடு கோடை விடுமுறையும் சேர்த்தி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்கு 'பாப்பா' என்ற பெயர் மாறவில்லை. விசிலக்காவுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பத்து, சின்னவளுக்கு ஆறு. இரண்டு பேரும் அத்தை என்றால் உயிரை விடுவார்கள். பாப்பா போடுகிற பின்னலில் நாலு கால் இருக்கும். பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். விசிலக்காவுக்கு வருவது இழுத்துக் கட்டிய இரட்டைச் சடை ஒன்றுதான்.

"நல்லவதான், இல்லேன்னு சொல்லல. கெட்டவளா இருந்திருந்தா சண்டை போட்டிருக்கலாம். நல்லவகிட்ட என்னத்தப் போடறது?" என்று ஒருநாள் டிரைவரிடம் சொன்னாள். பொறாமையா என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "எனக்கென்ன வயித்தெரிச்சல்? பிள்ளைங்க துணியைத் துவைக்கறது நான், அதைப் போட்டுவிட்டுக் கூட்டிட்டுப் போறது அவ. அவ்வளவுதான்."

ஒரு தேசிய விடுமுறை நாளில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின பஸ்ஸில் இடம் கிடைக்காததால் அவள் குடும்பம் அவள் பஸ்ஸிலேயே ஏறியது. பஸ்ஸில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டூட்டியில் இருக்கிறேன் என்று எப்போதோ அவளே போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பெண்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய விளையாட்டு. "கண்டக்டர் ஆன்ட்டி, நாலு டிக்கெட்!" என்று பெரியவள் கையை நீட்ட, சின்னவள் அத்தை மடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தாள். இவளும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நாலு டிக்கெட்டைக் கிழித்தாள்.

பக்கத்து சீட்டில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா. சின்னவள் கன்னத்தைத் தட்டி, பாப்பாவிடம், "உங்க பொண்ணு அப்படியே உங்க ஜாடைங்க. மூக்குகூட அதே மூக்கு" என்றாள்.

பாப்பா திரும்பி விசிலக்காவைப் பார்த்தாள். சட்டம் ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ, மறுக்காமல் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும். விசிலக்காவுக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சியைக் கிழித்துப் போட்டது போல் இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் நாலு பேரும் இறங்கிப் போனார்கள். சின்னவள் அத்தை இடுப்பில். மதில் வாசல் தாண்டும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் எப்படித் திரும்பிப் பார்க்க முடியும் என்பதெல்லாம் நியாயம் பேசுகிறவர்களுக்கு. அவள் ஊதிய விசிலில் டிரைவர் காதைப் பொத்திக்கொண்டார். "என்னக்கா, வீட்ல ஏதாவதா?"

"வண்டியை எடுப்பா" என்றாள்.

மறுநாள் டிப்போவில் டூட்டி போடுகிறவர் முன்னால் போய் நின்றாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பதிலுக்கு மூன்று நாள் இரட்டை டூட்டி பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். எந்த ஞாயிறு என்பதையும் தீர்மானித்துவைத்திருந்தாள். வீட்டுக் காலண்டரில் பாப்பா தன் கையால் வட்டம் போட்டிருந்த ஞாயிறு அது. அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அவள் ஓவியப் போட்டிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஞாயிறு லீவு, பிள்ளைகளோடு நினைவுத்தூணுக்குப் போகலாம் என்ற செய்தியைச் சாப்பிடும்போது, தற்செயலாக அமைந்தது போலச் சொன்னாள். பாப்பா தவித்துப் போனாள். "அய்யோ அண்ணி, அன்னைக்குப் பார்த்து எனக்குப் போட்டி இருக்கே. அதுக்கு அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

"லீவு என்ன கடையிலயா விக்குது பாப்பா, வேணுங்கறப்போ போய் வாங்கிட்டு வர?"

பாப்பாவின் முகம் வாடியது. அதைப் பார்க்க விசிலக்காவுக்குக் குளுகுளு என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று பாப்பாவின் தட்டில் ஒரு கரண்டிக் குழம்பைக் கூடுதலாக ஊற்றவும் செய்தாள்.

அந்த ஞாயிறு காலையில் பாப்பா போட்டிக்குக் கிளம்புமுன் இரண்டு பெண்களுக்கும் பின்னல் போட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்: தொப்பி, தண்ணீர், மாற்று சாக்ஸ், சின்னவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, மூக்கில் ரத்தம் வரும். "பெத்தவளுக்கே பாடம்" என்று முணுமுணுத்தபடி விசிலக்கா தாளை மடித்து ஜன்னல் விளிம்பில் செருகினாள். பிறகு இரண்டு தலைகளையும் அவிழ்த்துத் தன் கையால் இரட்டைச் சடை போட்டாள். "ஆ, இழுக்குதும்மா" என்றாள் சின்னவள். தொப்பியை மட்டும் விசிலக்கா மறக்காமல் எடுத்துவைத்துக்கொண்டாள்.

வேறொரு நடத்துநரின் பஸ்ஸில் பயணியாக உட்காருவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. "மூணு ஸ்டாப் தாண்டிட்டோம், இன்னும் பின்னாடி வரல பாருங்க. இப்படி டிக்கெட் கொடுத்தா விளங்கும்" என்று கணவர் காதைக் கடித்தாள்.

மதில் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். ஏழு வருஷமாக மேல் பாதியை மட்டும் பார்த்துப் பழகியவளுக்கு அடிப்பாதி இவ்வளவு அகலமாக இருக்கும் என்று தோன்றியதே இல்லை. சுற்றிலும் கல்லில் செதுக்கிய ஆட்கள். துப்பாக்கிக்காரர்கள் மட்டுமல்ல, மூட்டை தூக்குகிறவர்கள், கூட்டத்தில் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுகிற ஒரு பெண். அந்தப் பெண்ணின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே விழுந்திருக்கும் என்று பார்ப்பதற்குள் சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்தப் பக்கம் இல்ல. அத்தை எப்பவும் நிழல்லதான் கூட்டிட்டுப் போவாங்க."

"அம்மா, இந்தக் குழாய்ல குடிக்கக் கூடாது. அத்தை அந்தக் குழாய்லதான் பிடிப்பாங்க."

அரை மணி நேரத்துக்குள் அத்தை பதினோரு தடவை வந்துவிட்டாள். எண்ணுவது தொழில் பழக்கம். வராதவள்தான் முன்னால் நடந்து வழிகாட்டிக்கொண்டிருந்தாள்.

தூணின் உள்ளே ஏறும் படிக்கட்டில் கூட்டம் தேங்கி நின்றது. அவளால் பொறுக்க முடியவில்லை. "படியில நிக்காதீங்க! மேல ஏறுங்க, மேல ஏறுங்க! பெரியவரே, பையை முன்னாடி பிடிங்க!" என்று குரல் கொடுத்தாள். முன்பின் தெரியாத நாற்பது பேர் சொன்னபடி கேட்டு நகர்ந்தார்கள். பெரியவள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மா, இது பஸ் இல்ல!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காலையில் முதல் முறையாக, அத்தை செய்யாத ஒரு விஷயத்தை அவள் செய்திருந்தாள்.

"சரி, நாமும் ஏறலாம்" என்றாள்.

"முதல்ல பேர் சுவருக்குப் போகணும். அதுக்கப்புறம்தான் ஏறணும்" என்று சின்னவள் ஓடினாள்.

தூணைச் சுற்றி வளைந்து போகிறது அந்தச் சுவர். கறுப்புக் கல். உயிரை விட்டவர்களின் பெயர்கள், ஆயிரக்கணக்கில், தரையிலிருந்து தலைக்கு மேல் வரை. சின்னவள் எதையும் படிக்கவில்லை. மூன்றாவது பலகைக்கு நேராகப் போய்க் குந்தி, கீழிருந்து நாலாவது வரியில் விரலை வைத்தாள். "அம்மா, நீ இங்க இருக்க!"

குனிந்து பார்த்தாள். அவளுடைய பெயர். ஓர் எழுத்துப் பிசகாமல் அவளுடைய பெயர்.

"யாருடி உனக்கு இதைக் காட்டினது?"

"அத்தை."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கறவளைச் செத்தவங்க வரிசையில கொண்டுபோய் வெச்சாளா? அவ்வளவு அவசரமா அவளுக்கு?"

"ஏய், மெல்லப் பேசு. எல்லாரும் பார்க்கறாங்க" என்றார் கணவர்.

பெரியவள்தான் நடுவில் வந்து நின்றாள். பத்து வயதுக்கு அவளுக்கு நிதானம் அதிகம். "அப்படி இல்லம்மா. முதல் தடவை வந்தப்போ இவ, அம்மா ஏன் வரலன்னு ஒரே அழுகை. தரையில படுத்துட்டா. அத்தைதான் ரொம்ப நேரம் தேடி இந்தப் பேரைக் கண்டுபிடிச்சாங்க. 'அம்மா வெளிய பஸ்ல இருக்காங்க. உள்ள அம்மா பேரு இருக்கு. தொட்டுட்டு வா'ன்னாங்க. அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் உன்னைத் தொட்டுட்டுத்தான் மேல ஏறுவோம்."

மற்றப் பெயர்களின் பள்ளத்தில் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த ஒரு பெயரில் மட்டும் தூசி இல்லை. முதல் எழுத்தின் விளிம்பு பளபளத்தது.

அங்கே அவளுக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அதே பழைய பொறாமைதான், முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்து. இதைக்கூட அவள்தானே யோசித்தாள்! தான் இல்லாத இடத்தில் தன்னை உட்காரவைத்ததும் அவள்தானே!

குந்தியபடியே பக்கத்துப் பலகைகளைக் கண்ணால் துழாவினாள். பிறகு, "அத்தை பேரு எங்கே இருக்கு?" என்றாள்.

"அத்தை பேரை நாங்க தேடவே இல்லையே" என்றாள் சின்னவள். "அத்தைதான் கூடவே வர்றாங்களே."

"இன்னைக்கு வரலல்ல?"



எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "பெரியவளே, நீ அந்தக் கோடியிலிருந்து. ஏங்க, நீங்க உயரமா இருக்கீங்க, மேல் வரிசை உங்களுக்கு. சின்னது என்கூடக் கீழ. ஒரு பலகை விடாம பார்க்கணும்." மூன்று இரட்டை டூட்டி கொடுத்து வாங்கிய ஞாயிற்றுக்கிழமையின் பாதியை அவள் நாத்தனார் பெயரைத் தேடிக் கழித்தாள். பாப்பாவின் பெயர் கொஞ்சம் புதுமாதிரிப் பெயர். அந்தக் காலத்துச் சாவுகளில் அப்படி ஒருவரும் இல்லை. கண் பூத்துப் போனது. கடைசியில் இருபத்தெட்டாவது பலகையில் பெரியவள் ஒரு பெயரைக் கண்டுபிடித்தாள். முன்பாதி அத்தை பெயர். பின்பாதி வேறு யாரோ.

"பாதி அத்தைதாம்மா இருக்கு" என்றாள் சின்னவள் சோகமாக.

"பாதி போதும்" என்றாள் விசிலக்கா. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பாதியைத் தொட்டார்கள். அவள் கடைசியாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தொட்டாள். அதற்குள் மேலே ஏறுவதற்கான நேரம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெயில் சாயும்போது வீட்டுக்கு வந்தார்கள். போட்டி முடிந்து முன்னாலேயே வந்துவிட்ட பாப்பா, கையில் பெயின்ட் கறைகூடக் கழுவாமல் கதவைத் திறந்தாள். சின்னவள் விசிலக்காவின் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி? உச்சி வரைக்கும் ஏறினீங்களா?"

"ஏறல."

"ஏன் அண்ணி?"

"கூட்டம்" என்றாள் விசிலக்கா. பெரியவள் வாயைத் திறக்கப் போனதைப் பார்த்து, கண்ணாலேயே அடக்கினாள்.

பழக்கம் காரணமாகப் பாப்பா குழந்தையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது போலும். கைகளை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல், அப்படியே வைத்திருக்கவும் தெரியாமல் வாசலில் நின்றாள்.

விசிலக்கா குழந்தையைக் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு சற்றே பக்கவாட்டில் திரும்பி, ஷூவைக் கழற்றச் சொல்லி, குழந்தையின் கால்கள் இரண்டையும் பாப்பா பக்கம் நீட்டினாள்.