செவெரினோ தார்க்கியின் அடுப்பாட்சி

“நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் என் பொண்ணு அடுப்பு பத்த வைக்கமாட்டா! அவ கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி நான் எழுந்திருப்பேன். இல்லிமானி மலை மேல சத்தியம்!”

இந்தச் சூளுரை லா பாஸ் நகர மேற்குச் சரிவு மினிபஸ் ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு விழாவில் உரைக்கப்பட்டது. உரைத்தவர் ஓட்டுநர் செவெரினோ தார்க்கி. கையில் பியர் டம்ளர். முதல் சொட்டை முறைப்படி மண்ணுக்கு ஊற்றியிருந்ததால் பூமித்தாயும் சாட்சி. அவருடைய மகள் நய்தாவுக்குப் பல் மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த வாரம் அது. நாற்பது ஓட்டுநர்கள் கேட்டார்கள், இரண்டு பேர் அழுதார்கள். அதில் ஒருவர் அழுததற்குப் பியர் காரணம்.

சொன்ன சொல்லை செவெரினோ ஏழு ஆண்டுகள் காப்பாற்றினார். சொல்லாமலே அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் காப்பாற்றியிருந்தார்.

நய்தாவுக்கு ஐந்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள், “ஆம்பள நீ என்ன பண்ணுவ, குழந்தைய எங்ககிட்ட விடு” என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். செவெரினோ குழந்தையைத் தூக்கி மினிபஸ்ஸின் முன் இருக்கையில் உட்காரவைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று மாலை அவர் வைத்த முதல் சூப்பை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிப் போனது. இந்த உயரத்தில் தண்ணீர் என்னவோ அவசரப்பட்டுக் கொதித்துவிடும், பயறு மட்டும் வேகாது என்பது அவருக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. மூன்றாம் வருடம் சங்கத்தார் அவர் டிபன் கேரியரைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு அடுப்பில் அவர் ஆட்சிதான். எதிர்க்கட்சி கிடையாது. விடியுமுன் எழுவார், சமைப்பார், மகளின் வெள்ளை கோட்டுக்கு இஸ்திரி போடுவார், பிறகு வண்டி எடுப்பார். நய்தா ஒரு தட்டைக் கழுவ எடுத்தால், “வை கீழ! அது பல்லு பிடிக்கிற கை” என்பார். அவளுடைய அறியாமை தானாக முளைத்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். பாத்தி கட்டி, களை பிடுங்கி, தண்ணீர் பாய்ச்சி வளர்த்த அறியாமை அது. விளைச்சலும் அதற்கேற்பப் பிரமாதமாக இருந்தது.

இருபத்து நான்கு வயதில், கடைவாய்ப்பல்லின் மூன்று வேர்களையும் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பிடிக்கும் டாக்டர் நய்தா தார்க்கி, குளியலறையில் வெந்நீர் தானாக வருவதாக நம்பியிருந்தாள். மின்சார ஷவரில் தண்ணீரை ஒல்லியாக விட்டால்தான் சூடேறும். அந்தக் குழாயை அவள் எழுமுன் அளவாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவது அப்பாவின் வேலை. தெருவில் காலைதோறும் ஹாரன் அடித்தபடி போகும் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர், இத்தனை வருடமாக எதிர்வீட்டில் யாரையோ விடாமல் காதலிக்கிறார் என்றும் அவள் எண்ணியிருந்தாள். அந்தக் காதல் கைகூட வேண்டுமென்று ஒருமுறை மாதாவிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

இப்படிச் செழித்திருந்த ஆட்சிக்கு ரத்தத்தால் ஆபத்து வந்தது. புரட்சி எதுவும் இல்லை, அவருடைய சொந்த ரத்தம்தான்.

காதுக்குள் கேஸ் வண்டி ஹாரன் மாதிரி இரைச்சல், உதட்டில் கத்தரிப்பூ நிறம், ஓயாத தலைவலி. பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“இது ரத்தமில்ல, பாகு. மலை உசரம் உங்களுக்கு இனிமே ஆகாது. கீழ இறங்கிடுங்க. ஒரு மாசத்துக்கு மேல தள்ளிப்போட்டா எங்கயாவது போய் அடைச்சுக்கும். வளைவுல வண்டி ஓட்டும்போது அடைச்சா, உங்களோட சேர்த்துப் பதினாலு பேரு.”

“கீழ சூளுமானியில தங்கச்சி பெத்ரோனா இருக்கா டாக்டர், ஆரஞ்சுத் தோட்டம். ஆனா போக முடியாது. வீட்ல பொண்ணு இருக்கா, பாத்துக்க ஆளில்ல.”

“என்ன வயசு?”

“இருபத்தி நாலு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது…?”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா. பல் டாக்டர்.”

செவெரினோ காகிதத்தை மடித்து வண்டியின் சூரியத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் செருகிவிட்டு, வழக்கம்போல வழித்தடத்தில் ஓட ஆரம்பித்தார். மகளிடம் மூச்சு விடவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கவும் முடிந்திருக்கும், அவருடைய சிநேகிதர் எலோய்க்குப் பல்லில் ஓட்டை விழாமல் இருந்திருந்தால். ரகசியம் தெரிந்த ஒரே ஆள் எலோய். ஊசி போட்டு வாய் பாதி மரத்த நிலையிலும் அவர் நய்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாய் முழுவதும் மரத்தாலும் அவர் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

மாலையில் நய்தா கோட்டைக் கழற்றாமலே சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“நீ ஏம்ப்பா சூளுமானி போகல?”

“வண்டிக்கு மாத்து டிரைவர் கிடைக்கல கண்ணு.”

“எலோய் மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

செவெரினோ கரண்டியை வைத்தார். “அவன் பல்லைப் புடுங்குனியா?”

“அடைச்சேன்.”

“புடுங்கியிருக்கணும்.”

“சிரிப்பு காட்டாதப்பா. எனக்கு சோறு பொங்கத் தெரியாதுங்கறதுக்காக நீ சாகப்போறியா?”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. பதில் ‘ஆமாம்’ என்பதால் சொல்லவில்லை.

ஒப்பந்தம் அப்போதே போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நய்தா தன் கையால் சாய்ரோ வைப்பாள். ஆட்டுக்கறி, கோதுமை, மொச்சை, சுன்யோ எல்லாம் போட்ட கெட்டிச் சூப், அப்பாவுக்கு உயிர். அதை ஒரு தடவை, யார் உதவியுமில்லாமல், வாயில் வைக்கிற மாதிரி வைத்துவிட்டால் அவர் மூட்டை கட்ட வேண்டும். அப்பாவை அடுப்பங்கரைக்குள் விடாமல் காக்கும் பொறுப்பு, ரகசியம் காப்பதில் தோற்ற எலோய்க்குத் தரப்பட்டது.

முதல் ஞாயிறு. ஆண்கள் இருவரும் முற்றத்தில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அப்பா, சுன்யோ எங்கப்பா இருக்கு?”

“அலமாரிக்குக் கீழ, சாக்குல.”

“சாக்குல கல்லுதானே இருந்துச்சு?”

செவெரினோ தாயக்கட்டையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டார். “இருந்துச்சுன்னா? இப்ப இல்லையா?”

“நேத்துதான் எடுத்துப் பூந்தொட்டிக்கெல்லாம் அடியில போட்டேன். தண்ணி தேங்காம இருக்கட்டும்னு.”

சுன்யோ என்பது உருளைக்கிழங்கு வற்றல். பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துச் சாறெடுத்து, வெயிலில் காயவைத்தது. ராத்திரி முழுக்க ஊறினால்தான் அது உணவு, அதுவரை கருங்கல்தான். நய்தா பிறந்ததிலிருந்து நாள் தவறாமல் தின்றிருக்கிறாள். ஊறுவதற்கு முந்தைய அதன் முகத்தை அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

எலோய் முக்காலியிலிருந்து விழுந்து சிரித்தார். “தொட்டியில தண்ணி ஊத்துறீல்ல டாக்டரம்மா? அப்ப இந்நேரம் நல்லா ஊறியிருக்கும், எடுத்துப் போடு!” செவெரினோவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு ஊதா நிறத்துக்குப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நய்தா ஒரு தொட்டியைக் கவிழ்த்து, மண்ணிலிருந்து சுன்யோக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் முழுவதும் அவளுடைய கிளினிக்கில் ஆராய்ச்சி நடந்தது. வாயைப் பிளந்து கிடக்கும் நோயாளியிடம், “ஏங்க, மொச்சைய தோலோட போடணுமா?” என்பாள். அவர் “ஆ” என்பார். ஆமாம் என்று எடுத்துக்கொள்வாள். சந்தையில் சுன்யோ விற்கும் பெண்மணியிடம், “இதுல பழுத்ததா பாத்துக் குடுங்க” என்று கேட்டாள். அந்தப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்த நாட்டுல இருந்து தாயி வர்ற?” என்று பரிவோடு விசாரித்தாள். விலைக்கு மேல் ஒரு கைப்பிடி கொசுறும் போட்டாள். கொசுறு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே நய்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் ஞாயிறு சட்டியிலிருந்து வந்த வாசனை சரியாக இருந்தது. செவெரினோவுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. ‘வாயைக் கொப்பளிச்சுட்டு வரேன்’ என்று எலோயிடம் சொல்லிவிட்டு, நய்தா மேசை துடைக்கப் போன நேரமாகப் பார்த்து உள்ளே போனார், ஒரு நிமிடத்தில் வந்தார். தவறு நடந்ததாக எலோய்க்குத் தோன்றவில்லை.

மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நய்தா பரிமாறினாள். எலோய் முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் நாட்டுக்காக விழுங்கினார்.

“தலைவரே, மக்களுக்குச் சொல்லிடுங்க. சிலிக்காரன்கிட்ட பறிகொடுத்த கடலு கிடைச்சிருச்சு. இந்தச் சட்டிக்குள்ளதான் இருக்கு!”

பொலிவியா தன் கடற்கரையைச் சிலியுடன் போரில் இழந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் குறை இவ்வளவு முழுமையாக வேறு எந்தச் சமையலறையிலும் தீர்ந்ததில்லை.

நய்தா ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

“நான் ஒரு தடவைதான் போட்டேன். அளந்து போட்டேன்.”

“உப்பு சில சமயம் இப்படித்தான் கண்ணு, சொந்தமா…”

“நீ போட்டியா?”

“கொஞ்சம் கம்மியா இருக்குமோன்னு…”

“போட்டியா, போடலியா?”

“ஒரு பிடி. சின்னப் பிடி.”

எலோய்க்கு அந்த நேரத்தில் முற்றத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

கத்துவாள் என்று செவெரினோ எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. நோயாளியிடம் பேசும் குரலில் பேசினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

“நான் தோத்தா நீ ஜெயிப்ப. நீ ஜெயிச்சா எனக்கு அப்பா இல்ல. இதைத்தான் வேணும்னு ஒரு பிடி போட்டியா?”

“வேணும்னு போடல நய்தா. கை போயிடுச்சு. பத்தொம்பது வருசமா போன கை.”

“அந்தக் கைக்கு வேற வேலை குடு. பெத்ரோனா அத்தைக்கு ஆரஞ்சு பறிக்க ஆளில்லியாம்.”

“நான் போயிட்டா…” என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாததைக் கண்டு சற்று நேரம் விழித்தார். இவ்வளவு காலமும் அங்கே ‘இவளை யார் பாத்துப்பா’ என்பது இருந்தது. இப்போது அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேறொன்று இருந்தது. “நான் போயிட்டா, நான் யாருக்குத் தேவைப்படுவேன்?”

நய்தா எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். “எனக்குத்தான்ப்பா. சமைக்கிறதுக்கு இல்ல. உயிரோட.”

அடுத்த ஞாயிறு கடைசி வாய்ப்பு. டாக்டர் சொன்ன மாதம் புதன்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் சுன்யோவை ஊறவைத்தாள். செவெரினோ ஓரக்கண்ணால் பார்த்தார். தண்ணீர் இரண்டு விரல் கம்மி. வலது கையின் மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கை கிளம்பியது. அதன் மேலும் உட்கார்ந்தார். அந்த நிலையில் மனிதர் தொலைக்காட்சியில் ஒரு முழு கால்பந்தாட்டம் பார்த்தார்.

ஞாயிறு விடிந்தது. எப்போதும் போல அவர் விழித்துவிட்டார். கால்கள் தாமாகவே கட்டிலை விட்டு இறங்கின. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கால்களை மேலே எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தீக்குச்சி உரசும் சத்தம். முறிந்தது. இன்னொன்று. அதுவும் பற்றவில்லை. அடுத்த குச்சிக்கு முன்னாலேயே கேஸ் குமிழைத் திருகும் சத்தம் கேட்டுவிட்டது. செவெரினோ முழங்கையை ஊன்றி எழுந்தேவிட்டார், வாய் திறந்தாயிற்று.

“முதல்ல குச்சி, அப்புறம் குமிழு. அறிவே இல்ல உனக்கு” என்று உள்ளே நய்தா தன்னையே திட்டிக்கொண்டு குமிழை மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அவரும் காத்திருந்தார்.

மூன்றாவது குச்சி உரசியது. புஸ்ஸென்று அடுப்பு பற்றிக்கொண்டது.

செவெரினோ தார்க்கி மெல்லப் படுத்தார். பலகையில் கத்தி விழத் தொடங்கியது. ஒரு வெங்காயத்தை நறுக்க அவ்வளவு நேரம் எந்த நாட்டிலும் ஆனதில்லை. ஏதோ மூடி உருண்டு ஓடியது. சங்கத்து ஓட்டுநர்கள் வளைவில் மட்டுமே பயன்படுத்தும் ஒரு சொல்லை டாக்டரம்மா உபயோகித்தாள். அவர் மூன்று போர்வைகளையும் தலைக்கு மேல் இழுத்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். தூங்குவது போலக் கிடந்தார். கிடந்தவர், எப்போதென்று தெரியாமல், தூங்கியே போனார்.

தோளில் ஒரு கை விழுந்து எழுப்பியது. ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

“அப்பா, மணி ஒம்போது. எழுந்திரு, ஆறிடப்போகுது.”

கிண்ணத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்திருந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சுன்யோ நடுவில் கொஞ்சம் கடினம். கோதுமை சற்றுக் குழைவு. உப்பு சரியாக இருந்தது. கடைசிக் கரண்டி வரை வழித்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று விரல்களை மாற்றி மாற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

“சூளுமானி வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புது?” என்று கேட்டார்.