எங்கள் பள்ளிக்கு மேலே பத்து நிமிடம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்ற இரும்புக் கம்பத்தைப் பற்றி, அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதில் அப்பாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. அப்பா அதைப் பழைய டிவி ஆன்டெனா என்று சொல்லிவிடுவார். வந்தவர்களும் தலையாட்டிக்கொண்டு காபியைக் குடிப்பார்கள். தம்ளரை எடுக்க வரும் அத்தை, அது டிவிக்கு இல்லை, தான் வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோ வைத்திருப்பதாகவும் போன வாரம் அதில் ஜப்பான்காரர் ஒருவரோடு பேசியதாகவும் சொல்வாள். அந்த ஜப்பான்காரர் யார் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. மின்சார ஆபீஸில் வேலை. சைக்கிளில் போய் வருகிற தூரம்தான். பரீட்சை எழுதிப் பாஸாகி, டெல்லியிலிருந்து அவளுக்கு ரேடியோ லைசென்ஸ் வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. வண்டி ஓட்டக்கூடத் தெரியாதவளுக்கு எதற்கு லைசென்ஸ் என்று அம்மா மட்டும் கேட்டாள்.

பாலக்காட்டு டவுனில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஹாம் ரேடியோக்காரர்களின் கிளப் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். கடைக்காரர்தான் செயலாளர். ராவுத்தர் வீட்டுக்காரர், வெகு நிதானமான மனிதர். ஏணியில் ஏறிக் குத்துவிளக்கு எடுத்துக் கொடுக்கிற அதே பொறுமையோடுதான் ரேடியோவிலும் பேசுவார். நான் அவரைக் கடை மாமா என்று கூப்பிடுவேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் பெண் அத்தை மட்டும்தான். என்னைத் துணைக்கு அழைத்துப் போனால் வீட்டில் கேள்வி குறையும் என்பதால் நானும் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே கேட்ட ஒரு விஷயத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் இடுக்கி மலையில் போனும் கரண்டும் போய்விட்டால் பேசுவதற்கென்று, அந்தப் பக்கத்து ரேடியோக்காரர்களோடு வாராவாரம் பேசிப் பழகி வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு ஏலப்பாறையிலிருந்து எஸ்டேட்காரர் ஒருவர் பேசினார். இங்கே மழை பிடித்துக்கொண்டது என்றார். அவர் சொல்லி முடித்த பிறகும் பேசுகிற பட்டனை விடாமல் இருந்ததில், தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்னோர் ஊரின் மழையை நான் எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதன் பிறகுதான் அத்தை செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடிக்கத் தொடங்கினாள். அப்பாவின் ஸ்டீல் அளவு டேப் ஒரு நாள் காணாமல் போனது. அத்தை அதைத் துண்டு துண்டாக வெட்டி, பிவிசி குழாயில் குறுக்காகப் பொருத்தி, கையில் பிடிக்கிற ஆன்டெனா செய்திருந்தாள். மீன் முள் மாதிரி இருக்கும். சாயங்காலம் தோப்புக்குப் பின்னாலிருக்கிற களத்தில் நின்று அதை வானத்தை நோக்கி நீட்டுவாள். எத்தனை மணிக்கு எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு டிகிரியை வாசிப்பது என் வேலை. சரியாகப் பிடித்தால் பெட்டி கீச்சிடும். கொஞ்சம் நகர்ந்தால் வெறும் இரைச்சல். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்பது அத்தையின் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. அப்பா மட்டும் மாசக்கணக்கில் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு ஹாம் ரேடியோவில் பேசுவதுண்டு. எங்கள் பள்ளிக்காகவும் கிளப் விண்ணப்பித்தது. போட்டவர்களே மறந்துபோன பிறகு ஒரு நாள் சரி, அங்கே இருக்கிற ஒரு வீராங்கனை பேசுவார் என்று பதில் வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். தமிழ் மீடியத்தில் ஐந்து பேர், மலையாளம் மீடியத்தில் ஐந்து பேர் என்று பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்று, மாற்றாக ஒரு பையனையும் வைத்திருந்தார்கள். கேட்கிற வரிசையில் நான் பத்தாவது.

என் கேள்வி எங்கள் மலையைப் பற்றியது. மலைத்தொடர் முழுக்கச் சுவர் மாதிரி வந்து, எங்கள் ஊருக்கு நேராக மட்டும் வாசல் வைத்ததுபோல விட்டுவிடுகிறது. அந்த வாசல் மேலேயிருந்து பார்த்தால் தெரியுமா? அதை டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். குளிக்கும்போதும், வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். பேசி முடித்தேன், இனி நீங்கள் பேசலாம் என்பதற்குக் கடைசியில் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஓவரைச் சொல்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் மட்டுமா, அத்தையும் அப்படித்தான் இருந்தாள். நிலையத்தை முதலில் கூப்பிடுவது அவள்தான் என்று கிளப்பில் முடிவாகியிருந்தது. அதற்கான நாலு வரியை அவள் மாவாட்டும்போது சொல்வாள், சைக்கிளைப் பூட்டும்போது சொல்வாள். ஒருமுறை வீட்டுக்கு வந்த பால்காரரிடம் பாலை வாங்கிக்கொண்டு ‘ஓவர்’ என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

குறித்த நாள் வந்தது. பகல் பதினொரு மணி சுமாருக்கு நிலையம் நெல்லியாம்பதி மலைக்கு மேலே எழும்பி, எங்கள் தலைக்கு மேலாகப் போய், கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கும். மொத்தமே பத்து நிமிடம். பள்ளி மாடியில் பெரிய ஆன்டெனாவை நட்டு, அது தானாகவே திரும்புவதற்கு மோட்டார் வைத்திருந்தார்கள். கீழே ஹாலில் மேசை, ரேடியோ, மைக், ஒலிபெருக்கி. இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இடைஞ்சல் வரக்கூடாதென்று, கிளப்காரர்கள் கையில் கொண்டுவந்த சின்ன வயர்லெஸ் பெட்டிகளை எல்லாம் அத்தையே வாங்கி அணைத்து ஒரு கூடையில் போட்டு வைத்தாள்.

ஒன்பதரை மணிக்கு மாடியில் ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு ஆண் மயில், தோகையெல்லாம் தொங்க, பெரிய ஆன்டெனாவின் நீண்ட கையில் வசதியாக உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. கரும்பனை, மோட்டார் ரூம் என்று எதன்மேலும் உட்காரும். விரட்டியதும் அது எழும்பிய வேகத்தில் கை மடங்கித் தொங்கியது, மோட்டாரின் பல்சக்கரமும் நொறுங்கிவிட்டது. கடை மாமா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து முயன்றார்கள். பிறகு அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டரிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டார்.

அத்தை என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மிணி, ஊட்டுக்குப் போயி நம்ம ஆன்டெனாவ எடுத்துட்டு வா. அந்தத் தாளையும் எடுத்துக்க.”

வீடு பள்ளிக்குப் பின்தெரு. நான் ஓடினேன். வாசலில் நின்றிருந்த அப்பா, நான் மீன் முள்ளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், அதில் மஞ்சளாகத் தெரிந்த அங்குலக் கோடுகளையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேர்த்துப் பார்த்தார். கேட்க நேரமில்லாததால் கேட்காமல் விட்டார்.

நான் திரும்பி வந்தபோது மாடியிலிருந்து ஹாலுக்குக் கேபிள் இழுத்திருந்தார்கள். கடை மாமாவும் அத்தையும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க மேல போயிட்டா கூப்பிடறது யாருங்க?” என்றார் கடை மாமா.

“நீங்கதானுங்க கூப்பிடோணும். கையில புடிச்சுத் திருப்பிப் பழகுனது நானும் இந்தப் புள்ளையுந்தான்.”

வேறு யாராவது பிடிக்க முடியாதா என்று அவர் கேட்டார். அத்தை முடியாதென்று தலையாட்டி, மடியில் செருகியிருந்த அந்த நாலு வரித் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். என் காதில் விழுந்தது ‘இந்தப் புள்ளையும்’ என்பது மட்டும்தான்.

“என்ற கேள்வி?” என்றேன்.

“அதெ அந்தப் பையன் கேப்பான். டிகிரி படிக்க வேற ஆளில்ல கண்ணு.”

நான் அழுதுகொண்டேதான் படியேறினேன். புதுச் சீருடை போட்டிருந்தேன். இரட்டைச் சடைக்கு ரிப்பன் அம்மா தேடித் தேடி வாங்கியது.

மாடியில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை. ஹாலில் பேசுகிற பேச்சு மாடிக்கு எட்டாது, வயர்லெஸ் பெட்டிகளும் கீழே கூடையில் கிடந்தன. படிக்கட்டு ஜன்னலில் பி.டி. சார் நின்றுகொண்டார். நன்றாகக் கேட்டால் கையைத் தூக்குவார், மங்கினால் ஆட்டுவார். அத்தை தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திசைகளைக் குறித்திருந்தாள். நேரம் வந்தது. நான் வாசித்தேன். இருநூத்தி இருபது, பத்து. அத்தை மலையின் விளிம்புக்குக் குறிவைத்து நின்றாள். அவளுடைய சேலைத் தலைப்பு எங்கள் ஊர்க் காற்றில் படபடவென்று அடித்தது.

பி.டி. சார் கையை ஆட்டினார். இன்னும் ஒன்றுமில்லை. அடுத்த வரி. மறுபடியும் ஆட்டினார். கீழே கடை மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அத்தையின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவள் குழாயைக் கெட்டியாகப் பிடித்தபடி மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் திருப்பினாள். ஆன்டெனாவின் முட்களெல்லாம் சாய்ந்தன.

சாரின் கை மேலே போனது. அதே சமயம் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கைதட்டல் இல்லை. இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தால் வருகிற சத்தம். பிறகு பள்ளிக்கூடமே நிசப்தமானது. பரீட்சை நாளில்கூட அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல வானம். ஒரு பருந்து, வேறொன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மனுஷி இருந்தாள். எங்கள் ஹாலில் ஒருத்தி கேட்டதற்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அழுகை எப்போது நின்றதென்று தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போனேன். முப்பது. அம்பது. எழுபது. அத்தை முதுகை வளைத்து ஆகாயத்தின் நடு உச்சியை நோக்கி ஆன்டெனாவைத் தூக்கி நின்றபோது, கோபுரத்தில் நிற்கிற சிலை மாதிரி இருந்தாள்.

பிறகு அது கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அத்தை நுழையப் பார்த்தாள், முடியவில்லை. சார் கையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

“நீ புடி,” என்று ஆன்டெனாவை என் கையில் திணித்துவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் பக்கவாட்டில் சந்துக்குள் புகுந்து, தென்னந்தோப்புகளுக்கு மேலே அதை நீட்டினேன். அத்தை இப்போது எனக்கு வாசித்தாள். இருபது. பதினஞ்சு. நான் மணிக்கட்டை அவள் திருப்பியதுபோலவே திருப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை. “சாரோட கை மேல இருக்குது கண்ணு, அப்படியே நில்லு,” என்றாள் அத்தை. குழாய் வெயிலில் சுட்டது. கையில் ஓர் அதிர்வும் இல்லை. ஆனால் பட்டத்தின் நூலைப் பிடித்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு. விட்டால் போய்விடும் என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அத்தை ‘மூணு’ என்று வாசித்தாள். அதற்குப் பிறகு தாளில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் கைதட்டல் வந்தது. கூரையே அதிர்ந்தது.

கீழே போனால் எனக்குத்தான் ஏமாற்றம். என் கேள்வியை அந்த மாற்றுப் பையன் கேட்டுவிட்டானாம், பதிலும் வந்ததாம். என்ன பதில் என்று கேட்டேன். தெரிகிறது என்று சொன்னதாக ஒருத்தி சொன்னாள். இன்றைக்கு மேகமாக இருக்கிறது, போன வாரம் பார்த்தேன் என்று சொன்னதாக இன்னொருத்தி. கேட்ட பையனுக்கோ பயத்தில் எதுவுமே ஞாபகமில்லை. பேப்பருக்குப் படம் எடுக்க வந்தவர் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தியபோது அவன்தான் பத்தாவதாக நின்றான். கடை மாமாவைச் சுற்றி ஆசிரியர்கள் கூடிவிட்டார்கள். அவர் அத்தையைத் தேடித் தேடிப் பார்த்தார். அவள் மாடியில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் சாப்பிடவில்லை. அப்பா டேப்பைப் பற்றிப் பேச்செடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலம் கடை மாமாவின் மகன் பைக்கில் வந்து, ஹாலில் எடுத்த ஒலிப்பதிவை அத்தையின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அத்தை என்னைக் கூப்பிட்டாள், உன் பதில் இதில் இருக்கிறது, வா என்றாள். நான் போகவில்லை. பத்தாவது நாற்காலியில் உட்காராமல் கேட்கிற பதில் எனக்கு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அவள் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். நான் ஜன்னல் வழியாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் கடை மாமா கூப்பிடும் இடத்தில் அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்தன. பிறகு அசையாமல் இருந்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைத்தாள். இருட்டுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். சத்தம் எந்த இடத்தில் மங்குகிறது, கையை எங்கே தவறாகத் திருப்பினோம் என்று கணக்குப் பார்க்கிறாள், அடுத்த தடவைக்காக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மேலேயிருந்து வந்த அந்தக் குரலை அவளும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.