நடு அடுக்கு

என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயை ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணே திறக்க முடியாதபடி முகம் வீங்கிப் போனாள். அடுத்த முறை மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து பேக்கரி வாசலைக் கண்டாலே அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

கணவரின் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். மானாவாரி நிலம், கடலைதான் வெள்ளாமை. கடலை பறிக்கிற மாதங்களில் நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஏழாவது பிறந்தநாளுக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடுக்கு அடுக்கா சாக்லேட் கேக்கும்மா. எல்லார் வீட்டுலயும் நான் மட்டும் பிஸ்கட் டப்பாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மறுக்க முடியவில்லை. கோகோ பவுடர், சாக்லேட் கட்டி என்று ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் கடையிலேயே போனில் படம் பிடித்து, பெரிதாக்கிப் படித்தேன். சந்தேகம் வந்ததையெல்லாம் திரும்ப வைத்தேன். இரவல் ஓவனில் முன்பு என்ன வெந்திருக்குமோ என்று பயந்து, புதிதாகவே ஒரு சின்ன ஓவன் வாங்கினோம்.

பிறந்தநாள் காலையில் கணவரின் அண்ணி ஊரிலிருந்து வந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வந்ததும் பையைக் கொட்டிக் காட்டாத குறையாக, "பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு கடலை கூட கொண்டாரலத்தா. சேலைய கூட துவைச்சதத்தான் கட்டியாந்தேன்" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே கேக் டின். மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகத்தான் வேகவைக்க வேண்டும். முதல் அடுக்கு டின்னில் ஒட்டிக்கொண்டு ஓரம் பிய்ந்து வந்தது.

"நீ போயி பிள்ளையக் குளிப்பாட்டு. டின்ன நான் கழுவி வக்கிறேன்" என்றார் அக்கா.

திரும்பி வந்தபோது டின் எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் எங்கள் வீட்டுச் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது. மாவை ஊற்றினேன். இரண்டாவது அடுக்கு ஒரு பொடி கூட ஒட்டாமல் வந்தது. மூன்றாவதற்கு நான் வெண்ணெய் தடவினேன். அடுக்கி, சாக்லேட்டை உருக்கி ஊற்றியதும் மகள் கைதட்டிக் குதித்தாள்.

மத்தியானம் கேக்கை வெட்டினாள். அவள் முதல் வாய் மென்றுகொண்டிருக்கும்போது அக்கா சந்தோஷமாகச் சொன்னார்: "நடுவுல உள்ளது எம்புட்டு அழகா வந்துருக்கு பாத்தியா? நம்ம செக்கு எண்ணெயத்தான தடவுனேன்."

"என்ன எண்ணெய்க்கா?"

"நம்ம காட்டுக் கடலையில ஆட்டுனதுதான். எங்கம்மாவுக்குக் குடுக்கலாம்னு ஒரு பாட்டில் கொண்டாந்தேன்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "கடலைதான ஆகாது? எண்ணெயில கடலை ஏது?"

மகளின் வாய்க்குள் விரலை விட்டு இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்தேன். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்விட்டிருந்தது.

"அம்மா, நாக்கு அரிக்குது."

வீட்டிலிருந்த அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டு பைக்கில் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள். நாகல்நகர் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. கணவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். என் கையை அவள் நெஞ்சின்மேல் வைத்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே விசில் போல ஒரு சத்தம். ஏதோ சொன்னாள், குரல் அவளுடையதாக இல்லை. உதட்டைப் பார்க்கக் குனிந்தேன். பார்த்த பிறகு, பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. நான் அழ ஆரம்பித்தபோது டாக்டர், "இப்பவே வீட்டுக்குப் போக முடியாதும்மா. சரியான மாதிரி இருந்து மறுபடியும் மூச்சுத் திணறல் வரலாம்" என்றார். அதற்குமேல் கண்ணீர் கூட வரவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு கையும் சிவந்து கிடந்தன. அவர் தெரியாமல் செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள்தான் கூப்பிட்டாள். "பெரியம்மா ஏன் அங்கயே நிக்கிறாங்க?"

அக்கா வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "நான் தொடலாமாத்தா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டிய பிறகும் அவர் தொடவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போடும் முறையை எனக்கும் கணவருக்கும் சொல்லிக் கொடுத்து, மருந்தும் சிரிஞ்சும் வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. தேவைப்படுகிற நேரத்தில் சரியாகப் போட்டுவிடுவேனா என்பது இன்னொரு பயம்.

இந்த வருஷமும் அவள் கேக் கேட்டாள். டின்னை நானே கழுவி, நானே வெண்ணெய் தடவினேன். அக்காவும் வந்திருந்தார். நான் எவ்வளவு கூப்பிட்டும் அடுப்படிக்குள் வரவில்லை. மகள் முதல் வாய் மென்றபோது நாங்கள் இருவரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எங்கள் தட்டுகளில் வைத்த துண்டுகளை நாங்கள் தொட வெகுநேரம் ஆயிற்று.