உள்ள வரலாமாண்ணே?

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கட்டி எழுதத் தெரியாது.

1998. அடுகோடியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. பல் சுத்தம் செய்யும் மிஷின் ஓடினால் தண்ணீர் பனி மாதிரி தெறிக்கும். எச்சில், ரத்தம், கிருமி எல்லாம் அதில் கலந்து அறைக் காற்றில் தொங்கும். கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் ஜானகி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஜன்னலைத் தொற. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். அரை மணி நேரம் யாரும் உள்ள போகக்கூடாது நாணு. அப்புறம்தான் தொடைக்கணும்."

கடைசி ஆள் போனதும் டாக்டரும் கிளம்பிவிடுவார். துடைப்பது சின்னத்தாயி. பூட்டுவது நான். எட்டு மணிக்கு எனக்கு ஆனேக்கல் பஸ்.

தினமும் வாளியோடு கதவருகே நின்று கேட்பாள். "உள்ள வரலாமாண்ணே?"

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "வா, வா" என்பேன்.

"உங்க பஸ்ஸுக்கு என் மூக்குதான் கெடச்சுதா?" சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள்.

ஒன்றரை வருடம் அப்படி. பிறகு இருமல். பிறகு டி.பி. என்றார்கள். அந்த அறையில் வந்ததா, வேறெங்காவது வந்ததா... யாருக்குத் தெரியும். நான் டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைப் போய்ப் பார்க்கவும் இல்லை. அவள் வேலையையும் நானே செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை. மணி ஏழு நாற்பது. டாக்டர் போய்விட்டார். வெளிக்கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு வந்து, அறைக்குள் ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

கிணிங்...

வாளியின் கைப்பிடி. சாத்தியிருந்த அறைக் கதவுக்கு வெளியே.

வெளிக்கதவுச் சாவி என் பையில்தான் இருந்தது.

பினாயில் வாசனை. ஈரத்துணி தரையில் இழுபடும் சத்தம். சரக்... சரக்... கதவருகே நின்றது.

இருமல்.

"உள்ள வரலாமாண்ணே?"

ஒன்றரை வருடம் சொல்லாததை அன்று சொன்னேன்.

"வேணாம்மா. அரை மணி நேரம் நில்லு."

கொக்கியைப் பிடித்தபடி இருட்டிலேயே நின்றேன்.

எட்டு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. வெளியே தரை ஈரம்... நிலைப்படி வரைக்கும். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் அவள் மகள் ஷோபா வந்தாள்.

"அம்மா நேத்து போயிட்டாங்க மாமா. ஏழே முக்கால் இருக்கும். ரெண்டு நாளா பேச்சே இல்ல. கடைசியா கண்ணத் தொறந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க."

"என்னம்மா?"

"'சரிண்ணே, நிக்கிறேன்.' யார்கிட்ட சொன்னாங்கன்னே தெரியல."

இன்றும் அங்கேதான் வேலை. கடைசி ஆள் போனதும் கதவுக்கு வெளியே கிணிங் என்று கேட்கிறது.

நில்லு என்று சொன்னவன் நான்.

வா என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை...