அக்கா ஏறாத எடை மெஷின்

போன வாரம் ஒரு எடை மெஷினில் ஏறினேன். வேண்டுமென்றே! வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் பார்க்க.

காரணம் அக்கா. எட்டாவது மாதம். எங்கள் குடும்பத்துக்கே தாராளமான உடம்பு, என்னையும் சேர்த்து. அத்தானுக்குக் கப்பலில் வேலை. கொரோனாவால் ஆள் மாற்ற முடியாமல், ஏதோ ஒரு நாட்டுக்கு வெளியே கடலிலேயே நிற்கிறார். அதனால் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு.

அவளோ இந்த மாதம் செக்கப் பக்கமே போகவில்லை. கொரோனா பயமா? அதுதான் இல்லை! எடை பார்க்கும் நர்ஸம்மா, அதை எழுதுகிறவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சமூக இடைவெளி என்று எழுதுகிறவரின் மேஜையை ஹாலின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். விளைவு? ஒவ்வொரு எடையும் தூத்துக்குடி ஹார்பர் வரை கேட்கிறது. போன தடவை அக்காவின் எடையைக் கேட்டு யாரோ சிரித்திருக்கிறார்கள்.

"செத்தாலும் சாவேன்லே, அந்த மெஷின்ல ஏற மாட்டேன்."

அதைச் சொல்லவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னக்கா, இப்படி இரைக்குது?"

"குண்டா இருந்தா இரைக்கத்தான் செய்யும். நீ மாடி ஏறுனா இரைக்கலையாக்கும்?"

உண்மைதான். இரைக்கும்.

"சரி, முதல்ல நான் ஏறுதேன். சிரிக்கதவங்க என்னையப் பார்த்துச் சிரிக்கட்டும். வா."

ஏறினேன். நர்ஸம்மா மாஸ்க்கையும் மீறிக் கத்தினார்:

"நூத்திப் பதினாலு! அண்ணாச்சிக்கு எத்தனாவது மாசம்?"

ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்... அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாகி, நிற்கவே இல்லை.

நர்ஸம்மா ஓடி வந்து அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். எல்லா எண்ணையும் கத்திச் சொல்கிறவர், அந்த எண்ணை மட்டும் டாக்டரின் காதில் மெதுவாகச் சொன்னார்.

கொரோனா. அன்றைக்கே ஆபரேஷன்.

"கனத்த உடம்பு, அதுலயும் கர்ப்பம்னா இது மோசமா வரும் சார். மூச்சு வாங்குனதுமே வந்திருக்கலாமே?" என்றார் டாக்டர். என்ன சொல்வேன்? ஒரு எண்ணுக்குக் கூச்சப்பட்டு வரவில்லை என்றா?

பெண் குழந்தை. குறை மாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அக்கா வார்டில். நான் ஆஸ்பத்திரி வாசல் வெயிலில், யாரையும் சிரிக்க வைக்கத் தெம்பில்லாமல். அக்காவுக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்களாம். நேற்று வீடியோ காலில் வந்தாள்.

"ஏலே... பிள்ளை எப்படி இருக்கா?"

"ஒல்லியா இருக்காக்கா."

"நல்லாத் தின்னச் சொல்லு. எவ சிரிச்சாலும்..."

மீதிக்கு மூச்சில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை மறுபடி போட்டுக்கொண்டாள்.

கேலி பண்ண ஊரே இருந்தது. அவளுக்காக மூச்சு விட அவள் ஒருத்திதான்.